லேப்டாப் தானாக அணைகிறதா? மதர்போர்டு மேல் பழி போட அவசரப்படாதீர்கள்

கேள்வி: பணகுடியில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகளின் லேப்டாப்புக்கு நாலு வருஷம் ஆகிறது. அரை மணி நேரம் ஓடியதும் உறைந்து நிற்கிறது, பிறகு தானே அணைந்துவிடுகிறது. 'மதர்போர்டு போச்சு, 9,000 ரூபாய் ஆகும்' என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அணைந்ததும் உடனே போட்டால் சில நிமிஷத்தில் மறுபடி அணைகிறதா? ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் ஓடுகிறதா? அப்படியென்றால் முதல் சந்தேகம் சூடுதான். பிராசஸர் சுமார் 100 டிகிரியைத் தொட்டால், கருகிப்போகாமல் இருக்க லேப்டாப் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். 95க்கு மேல் ஏறி அணைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வாரிக்கொண்டு வரும் மண்தூசி உங்கள் ஊரில் எதைத்தான் விட்டுவைக்கிறது? ஃபேனுக்கும் அதை ஒட்டிய செம்புத் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சூட்டைக் கடத்த பிராசஸர் மேல் பூசியிருக்கும், காய்ந்துபோன பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புது தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். பேஸ்ட் விலை சில நூறு ரூபாய்தான். இந்த வேலையை உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள்.

சூடே இல்லாமல் உறைகிறது, மவுஸ் நகர்கிறது, ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறம் காட்டினால் அன்றைக்கே மகளின் ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, அடிமூடி பிளந்து இடைவெளி தெரிகிறதா, மேஜையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். 'ஒரு வேலையை மட்டும் முடிச்சுக்கிறேன்' என்று மறுபடி ஆன் செய்ய வேண்டாம். மூடியை அழுத்தி மூடக் கூடாது. வீங்கிய பேட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாதீர்கள்.

இனி கடை விஷயம். சூட்டைக்கூட அளக்காமல் மதர்போர்டு என்பவரும், எதற்கெடுத்தாலும் 'ஃபார்மட் போட்டாப் போதும்' என்பவரும் ஒரே ரகம். ஃபார்மட்டில் தூசி போகாது, பிள்ளையின் புராஜெக்ட்தான் போகும். பல கடைகள் போர்டை வேறு ஊருக்கு அனுப்பி, இடையில் கமிஷன் வைக்கின்றன. நல்ல ரேமை (நினைவகச் சில்லை) எடுத்துவிட்டுப் பழையதைச் செருகுபவர்களும் உண்டு. கம்பெனிகளோ ஒரு ஃபேன் மாற்றக்கூட நம்மைப் பெரிய ஊருக்கு அலையவிடுகின்றன. நாலே வருஷத்தில் பாகம் கிடைக்காது என்று கைவிரிப்பது என்ன நியாயம்?

கொடுக்கும் முன் ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்புப் பாகம்), பேட்டரி ஆகியவற்றின் சீரியல் எண்களைப் படம் எடுத்து, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.