லாரித் தொழிலில் ஸ்டியரிங் மட்டும்தானா இருக்கிறது?

கேள்வி: எனக்கு 18 வயது. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூவில் வணிகவியல் முடித்திருக்கிறேன். அப்பா 22 வருஷமாக லைன் வண்டி (வெளியூர் லோடு லாரி) டிரைவர். "நீ இந்தப் பக்கமே வராதே" என்கிறார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் மாமா, "எங்கிட்ட வா, வெல்டிங் கத்துக்கோ" என்கிறார். எனக்கு இன்ஜின் வேலையில்தான் ஆசை. ஐ.டி.ஐ. சேரலாமா? எலெக்ட்ரிக் லாரி வந்துவிட்டால் படித்தது வீணாகிவிடுமா?

பதில்: அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, தம்பி. லோடு ஏற்ற ஒரு நாள், இறக்க இரண்டு நாள் என்று கேபினிலேயே காத்துக் கிடந்தவர் அவர். ஆனால் அவர் வேண்டாம் என்பது ஸ்டியரிங்கை. கேபினைச் சாய்த்துவிட்டு இன்ஜினைப் பார்க்கும் மெக்கானிக் வேலை வேறு. 28 வருஷமாக அந்த வேலையில் இருக்கிறேன். டீசலில் நட்டு போல்ட் கழுவும் பையனாகத்தான் நானும் ஆரம்பித்தேன்.

ஐ.டி.ஐ. சேருங்கள். ஆனால் எந்தப் பிரிவு என்பதில் கவனம் வேண்டும். டீசல் மெக்கானிக் ஒரு வருஷப் படிப்பு. மோட்டார் வாகன மெக்கானிக், அதாவது எம்.எம்.வி., இரண்டு வருஷம். சீக்கிரம் முடியுமே என்று முதலாவதை எடுக்கத் தோன்றும். உங்கள் நிலையில் நான் எம்.எம்.வி.தான் எடுப்பேன். நீங்கள் வணிகவியல் படித்தவர். அதை வைத்து பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர முடியாது. பத்தாம் வகுப்புக்கு மேல் இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அந்த வழி திறக்கும். நாளைக்கு சூப்பர்வைசர் நாற்காலி தேவைப்படும்போது அந்த டிப்ளமோ கைகொடுக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. மாணவருக்கும் உண்டு, பஸ் செலவுக்கு ஆச்சு.

முடித்ததும் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் அப்ரண்டிஸ் போங்கள். கம்பெனி டீலர் ஒர்க்‌ஷாப், இல்லாவிட்டால் அரசுப் போக்குவரத்துக் கழக டெப்போ. சேருவதற்கு முன்னால் அரை நாள் அந்த ஷெட்டில் சும்மா நின்று பாருங்கள். டிப்பர் பாடியைத் தூக்கி வைத்து, முட்டுக் கொடுக்காமல் அடியில் நுழைகிறார்களா? பின் ஆக்சிலில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை போல்ட் போட்டு இறுக்கிக் கட்டாமலே பிரிக்கிறார்களா? அது தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது நீங்கள் ஆசைப்படும் இன்ஜின் வேலைக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது. அதற்குமுன் கறுப்புப் புகை வந்தால் பம்பையும் நாசிலையும் கழற்றுவோம், முக்கால்வாசி முடிந்துவிடும். இப்போது சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு ரசாயன ஆலையே உட்கார்ந்திருக்கிறது. கரித்தூளைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர், யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் அமைப்பு, வழியெல்லாம் சென்சார். ஏதாவது ஒன்று பிசகினால் கம்ப்யூட்டரே இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சேலத்திலிருந்து பெங்களூரு போன பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்று, லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் இழுக்காமல் நின்றுவிட்டது. வழியில் ஒரு பட்டறையில் டர்போவைக் கழற்றிப் பார்த்தார்கள். இன்ஜெக்டர் நான்கை மாற்றினார்கள். இரண்டு நாள் போனது. பிறகு எங்களிடம் கட்டி இழுத்து வந்தார்கள். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டதும் யூரியா பக்கம் கோளாறு என்று எரர் கோட் வந்தது. நான் உட்பட இரண்டு சீனியர்கள், "சென்சார் போச்சு, மாத்திடலாம்" என்றோம். விலை அதிகமான சாமான் அது. அப்போது எங்களிடம் இருந்த 22 வயதுப் பையன் பதில் பேசாமல் யூரியா டேங்க் மூடியைத் திறந்தான். கழுத்தைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு. உள்ளே இருந்து ஒரு சொட்டு எடுத்து, கரைசலில் யூரியா எவ்வளவு என்று காட்டும் ரெஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். 32.5 சதவீதம் காட்ட வேண்டியது 20-ஐக் கூடத் தொடவில்லை. ரோட்டோரத்தில் கேனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிரைவர் வாங்கி ஊற்றியது, தண்ணீர் கலந்த சரக்கு. டேங்கைக் கழுவி நல்ல யூரியா ஊற்றி, ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினோம். வண்டி பழையபடி இழுத்தது. சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்கேனர் இடத்தைத்தான் காட்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க அழுக்கில் கைவைத்துப் பழகியிருக்க வேண்டும். ஸ்கேனரே பிடிக்கத் தெரியாத பழைய கைகளும், ஸ்பேனரே பிடிக்காத படித்த பையன்களும் எங்களிடம் நிறைய உண்டு. இரண்டும் தெரிந்த ஆளைத்தான் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் தேடுகிறது. இங்கிலீஷ் அதிகம் வேண்டாம். சர்வீஸ் மேனுவலையும் வயரிங் படத்தையும் படிக்கிற அளவு இருந்தால் போதும்.

மாமா பட்டறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாமக்கல், திருச்செங்கோட்டில் கட்டிய பாடிக்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. ஆனால் கேபின் கட்டும் வேலை கம்பெனிகளிடம் போய்க்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றானபின் அது இன்னும் வேகமாகும் என்பது என் கணிப்பு. டேங்கர், டிப்பர், கன்டெய்னர் பாடி வேலை நிலைத்திருக்கும். ஐ.டி.ஐ. விடுமுறையில் மாமாவிடம் வெல்டிங் பழகுங்கள். எங்கே போனாலும் உதவும்.

எலெக்ட்ரிக் பயம் வேண்டாம். 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 எலெக்ட்ரிக் பஸ்கள் ஓடத் தொடங்கின. அதிலும் ஏர் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஹப் எல்லாம் இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது ஆரஞ்சு நிறக் கேபிள். அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்டேஜ். முறையாக இணைப்பைத் துண்டித்து, கரன்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யாமல் தொடக்கூடாது. சில அரசு ஐ.டி.ஐ.களில் இதற்கென்றே தனிப் பிரிவும் வந்துவிட்டது. தொலைதூர லோடு வண்டிகளில் டீசல் இன்னும் பல வருஷம் இருக்கும்.

கடைசியாக லைசென்ஸ். மெக்கானிக்குக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ரிப்பேர் பார்த்த வண்டியை நீங்களே ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் சத்தம் புரியும். 18 ஆகிவிட்டதால் கார் லைசென்ஸுக்கு இப்போதே எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுங்கள். கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம் முடிந்து, 20 வயதும் ஆனால் ஹெவி, அதாவது லாரி லைசென்ஸுக்குப் போகலாம். ஐ.டி.ஐ. முடிகிற நேரத்துக்குக் கணக்கு சரியாக வரும். ஓட்டப் பழக அப்பாவையே கூப்பிடுங்கள். "வராதே" என்றவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருவார்.