பங்காளி கையெழுத்தும் பிளான் அப்ரூவலும்

வீடு கட்டுவது, பிளான் அனுமதி வாங்குவது பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடியைச் சேர்ந்த கட்டடப் பொறியாளர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: வணக்கம் அம்மா. பள்ளத்தூரில் எங்கள் ஐயாவின் அப்பச்சி கட்டிய வீடு, இப்போது ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, சொந்தம். இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது பகுதியில், ஓடு சரிந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் எங்கள் ஆத்தாவுக்காகக் கீழ்த்தளம் மட்டும் போட்டு இரண்டு படுக்கையறை வீடு கட்ட நினைக்கிறோம். பிளான் போடப் போனால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். எங்கள் பங்கில் நாங்கள் கட்ட மற்றவர்களை ஏன் கேட்க வேண்டும்? செட்டிநாடு யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் கட்டவே விடமாட்டார்கள் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார்.
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கேட்பதற்கு அது முதல் படி, அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் ஊர் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் உங்கள் பிளானை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பயப்பட வேண்டாம்.

பங்காளிகள் விஷயத்துக்கு வருவோம். கையெழுத்துக் கேட்பது சரிதான். பிரிக்காத சொத்தில் உங்களுக்கு ஏழில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் எந்த இடம் அந்த ஒரு பங்கு என்று பத்திரத்தில் எழுதாதவரை, அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் ஏழு பேருக்கும் பாத்தியதை உண்டு. "இரண்டாம் கட்டில் வடக்குப் பக்கம் எங்களுடையது" என்று மூன்று தலைமுறையாகப் புழங்கியிருப்பீர்கள், சாவியும் உங்களிடம்தான் இருக்கும். அது குடும்பத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. பேரூராட்சிக்குக் காட்ட அதற்குத் தாள் இல்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. எல்லோரும் சம்மதம் எழுதிக் கொடுத்து, உங்கள் பெயரிலோ எல்லார் பெயரிலுமோ விண்ணப்பிப்பது ஒன்று. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கி, அப்புறம் பிளான் போடுவது இன்னொன்று. முதல் வழி சுலபமாகத் தெரியும். ஆனால் நாளைக்கு வங்கிக் கடன் கேட்டாலும், உங்கள் பிள்ளைகள் காலத்திலும் அதே கேள்வி திரும்பி வரும். பிரிக்காத நிலத்தில் நிற்கிற வீடாகவே அது இருக்கும். ஆகவே நான் பாகப்பிரிவினையைத்தான் சொல்வேன்.

பாகப்பிரிவினை என்றதும் முழு வீட்டையும் ஏழு துண்டாகக் கோடு போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். முகப்பும், பட்டாலைக் கூடமும், முற்றத்தைச் சுற்றிய வளவும் பொதுவிலேயே இருக்கட்டும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு எல்லாம் அங்கேதான் நடக்கிறது. இரண்டாம் கட்டையும் பின்கட்டையும் மட்டும் அளந்து பிரித்து, மற்றது பொது என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். குடும்ப உறுப்பினர்களுக்குள் பதிகிற பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. யார் யார் அந்தக் "குடும்பம்" என்ற கணக்கில் வருவார்கள் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பத்திரம் எழுதப் போங்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி விட்டுப்போவது ஒன்று உண்டு. புள்ளிக் கணக்கில் ஆண்பிள்ளைகளை மட்டும் எண்ணி ஏழு என்பார்கள். சட்டம் அப்படி எண்ணுவதில்லை. 1989-இலேயே தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்தார்கள், 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. வாரிசுச் சான்றிதழை முன்னால் வைத்துக்கொண்டு அக்கா தங்கைகள், அத்தைகள் யார் யார் என்று எழுதுங்கள். வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பவர்களும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வாய்வார்த்தை போதாது. அவர்களிடம் முன்னாலேயே போய், உட்கார்ந்து பேசிக் கேளுங்கள். பத்திரம் தயாரான பிறகு கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் யாருக்குமே மனசு வலிக்கும்.

மலேசியாவில் இருப்பவர் இதற்காக ஊர் வர வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே நம்பிக்கையான ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

சரி, தாள் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பிளான் வரைபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்.

புது வீட்டுக்கு வழி எது? நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பின்தெருக் கதவு உங்கள் பங்கில் வந்தால் கவலை இல்லை. வராவிட்டால், தெருவுக்குப் போகிற நடைவழியில் உங்களுக்கு உரிமை உண்டு என்று பாகப்பிரிவினையிலேயே எழுதியிருக்க வேண்டும். வழி இல்லாத மனைக்கு அனுமதி கிடைக்காது.

அடுத்தது மழைத் தண்ணீர். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளானில் இது தெரியாது. முதல் கட்டின் வளவு வாசலில் விழுகிற மழை எங்கே போகிறது என்று நின்று பாருங்கள். பல வீடுகளில் தரைக்கு அடியில் கல் கால்வாய் ஒன்று ஓடும். அது இரண்டாம் கட்டைக் கடந்து பின்தெருவுக்கோ, ஊருணிக்குப் போகிற வாய்க்காலுக்கோ போய்ச் சேரும். கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாம் கட்டில் புதிதாகக் கட்டியவர்கள், அடித்தளம் தோண்டும்போது அந்தக் கல்லை எடுத்துப் போட்டுக் குழியை மூடிவிட்டார்கள். ஐப்பசி அடைமழையில் வளவுக்குள் முழங்கால் தண்ணீர். தேக்குத் தூணின் அடிக்கல்லைத் தாண்டித் தண்ணீர் ஏறி, சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, கண்ணாடி மாதிரி மின்னிய பழைய வெள்ளைப் பூச்சு பொரிந்து கையோடு வந்தது. அந்தப் பூச்சைத் திரும்பப் போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு. ஒரு வாளித் தண்ணீரை வளவில் ஊற்றி, பின்னால் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டைப் பிளானில் குறிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் அடித்தளம் வரக்கூடாது.

மூன்றாவது, பொதுச் சுவர். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அதை ஒட்டி ஜேசிபி விடாதீர்கள். ஆள் வைத்து, துண்டு துண்டாகத் தோண்டி, ஒரு துண்டை நிரப்பிய பிறகு அடுத்ததைத் தோண்டச் சொல்லுங்கள். புது வீட்டின் பாரத்தைப் பழைய சுவர் மேல் ஏற்றவே கூடாது, தனித் தூண் போட்டு விலகி நிற்கட்டும். விழுந்த பகுதியை இடிக்கவும் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இடிக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துப் பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். கதவு, நிலை, உத்திரம் யாருக்கு என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மழை ஒழுகுகிறது. ஓடு மாற்றி, சுவர் பூசப் போகிறோம். இதற்கும் பிளான் அனுமதி வேண்டுமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம். ஓடு மாற்றுவது, பூசுவது, வெள்ளையடிப்பது, தரைக்கல் மாற்றுவது எல்லாம் பராமரிப்பு. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போடுவதாக இருந்தால் அது வேறு, அதற்கு அனுமதி வேண்டும். ஒரு வேண்டுகோள்: சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசாதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர முடியாமல், உள்ளேயே சாந்தை அரித்துவிடும்.

கேள்வி: காரைக்குடியில் 2,400 சதுர அடி மனை வாங்கியிருக்கிறேன். கீழும் மேலுமாக 3,200 சதுர அடியில் வீடு கட்டப் போகிறேன். இப்போது சுயசான்று முறை வந்துவிட்டதால் ஆபீஸ் பக்கமே போக வேண்டாம், பிளானில் ஒன்றைக் காட்டிவிட்டு நம் இஷ்டப்படி கட்டிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். பின்னால் இரண்டாம் மாடியும் எடுக்க ஆசை.
— வாசகர், காரைக்குடி

பதில்: முதல் பாதி சரி. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டியே யாரும் வந்து பார்வையிடுவதில்லை, பணிமுடிப்புச் சான்றும் கேட்பதில்லை. உங்கள் அளவு அதற்குள் வருகிறது.

மேஸ்திரி சொன்ன இரண்டாம் பாதியை மறந்துவிடுங்கள். "சுயசான்று" என்றால் நான் சொல்வது உண்மை என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வேலையை நிறுத்தவும் விதிமீறிய பகுதியை இடிக்கவும் நோட்டீஸ் வரும். முன்பு பிளானில் தப்பு இருந்தால் அலுவலகத்தில் யாராவது பார்த்துச் சொல்வார்கள். இப்போது அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். பார்க்க ஆள் இல்லாத இடத்தில்தான் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று என்னிடம் வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு காலை நேரம் ஒதுக்கி, டேப்பை எடுத்துக்கொண்டு மனையை நீங்களே அளந்து பாருங்கள். பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, தரையில் ஒரு அளவு இருப்பது இங்கே சாதாரணம். பக்கத்து வேலி ஒரு அடி உள்ளே வந்திருக்கும், இல்லையென்றால் ரோடு கொஞ்சம் தின்றிருக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் முதலில் சர்வேயரை அழைத்து எல்லைக்கல் நடுங்கள். பிளானில் காட்டும் பக்கவாட்டு இடைவெளி இந்த அளவை நம்பித்தான் நிற்கிறது. அரை அடி குறைந்தாலும் வீட்டுக்குள் ஒரு சுவர் தப்பான இடத்தில் நிற்கும். மனை அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் 20-10-2016 வரை பதிந்த மனைகளை முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. முறைப்படுத்தாத மனைக்கு வீட்டு அனுமதி கிடைக்காது.

இரண்டாம் மாடி சுயசான்றில் வராது. அதற்கு அப்போது தனியாக வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டும். ஆசை இருந்தால் அடித்தளத்தையும் தூணையும் இப்போதே அதற்கேற்ற பலத்தில் போடச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து கட்டாயம். பேருக்கு ஒரு குழாயை மண்ணில் செருகிவிட்டுப் போகாதீர்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் இது. உங்கள் மாடியில் விழுகிற தண்ணீர் மணல் வரைக்கும் இறங்கட்டும்.

கேள்வி: திருமயம் கோட்டை பார்க்கிற தூரத்தில் எங்களுக்கு மனை இருக்கிறது. வீடு கட்டலாமா?
— வாசகர், திருமயம்

பதில்: தூரத்தைப் பொறுத்தது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று வாங்கிய பிறகுதான் பிளான் போட முடியும். 100 மீட்டருக்குள் ஏற்கெனவே நிற்கிற வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. இனி வாங்கப் போகிறவர்களாவது கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்ற யோசிக்கிறோம். பங்காளிகள் எல்லாருக்கும் சம்மதம். சொந்த வீடுதானே, தனி அனுமதி எதற்கு? கார் நிறுத்த முகப்புத் திண்ணையை எடுத்துவிடலாமா?
— வாசகி, சென்னை

பதில்: குடியிருப்பை விடுதியாக்கினால் பயன்பாடு மாறுகிறது. அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். தீயணைப்புத் துறைச் சான்று, வணிக மின் இணைப்பு, சொத்துவரி மாற்றம் எல்லாம் அதன் பின்னால் வரும். வாகன நிறுத்தம் காட்டச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் திண்ணையை எடுக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. பின்கட்டை ஒட்டிக் காலி இடம் இருந்தால் நிறுத்தத்தை அங்கே காட்டுங்கள், பின்தெரு வழியாகக் கார் வரட்டும். வருகிறவர்கள் அந்தத் திண்ணையில் உட்கார்வதற்குத்தானே நூறு மைல் தாண்டி வருகிறார்கள்?

கழிப்பறைதான் உங்களுக்குப் பெரிய வேலை. வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் ஒவ்வொன்றாகக் கழிப்பறை வைக்க நினைப்பீர்கள். மாடியில் வைக்கவே வைக்காதீர்கள், கீழே தேக்கு உத்திரம் இருக்கிறது. ஒரு கசிவு போதும், வெளியே தெரிவதற்குள் உத்திரத்தின் முனை சுவருக்குள்ளேயே மக்கிவிடும். கீழ்த்தளத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அறைகளில் மட்டும் வையுங்கள், குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை உடைக்காமல் நெம்பி எடுத்து, எண் போட்டு அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்கும் ஊருணிக்கும் நன்றாகத் தள்ளி, அவை இருக்கும் இடத்தைவிடத் தாழ்ந்த பக்கமாக இருக்கட்டும். இதையெல்லாம் பிளானில் வரைந்து கொடுத்தால்தான் பார்வையிட வருபவரும் அதே இடத்தில் நின்று சரிபார்ப்பார். பங்காளிகளின் சம்மதத்தை, எத்தனை ஆண்டுக்கு, வருமானம் எப்படிப் பிரியும் என்ற விவரத்தோடு குத்தகைப் பத்திரமாகப் பதிந்துகொள்ளுங்கள். உரிமம் கேட்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.