கேள்வி – பதில்: விவசாய அமைப்பின் கணக்கை எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் கண்டத்து (வயல்வெளித் தொகுதி) விவசாய அமைப்பில் மூன்று வருடமாகப் பொதுக்கூட்டம் இல்லை. தலைவரும் பொருளாளரும் பழைய ஆட்களே. கேட்டால் "வெட்டு (அறுவடை) முடியட்டும்" என்கிறார்கள். நாங்களாகக் கூட்டம் கூட்டலாமா? – வெல்லாவெளி வாசகர்

பதில்: முதலில் அமைப்பின் யாப்பை, அதாவது விதிகளின் தொகுப்பைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்பென்றால், அதன் கோவை உங்கள் கமநல சேவைகள் நிலையத்தில் இருக்க வேண்டும். செயலாளர் யாப்பைத் தரவில்லை என்று அவரோடு மல்லுக்கட்டாமல் அங்கே கேளுங்கள். விசேட பொதுக்கூட்டம் கேட்க எத்தனை பேரின் கையொப்பம் வேண்டும், எத்தனை நாள் முன்னறிவித்தல், கூட்டம் நடக்க எத்தனை பேர் வர வேண்டும், சந்தா நிலுவைக்காரருக்கு வாக்கு உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். பக்கத்துக் கண்டத்தாரிடம் கேட்டு நடந்தால் கூட்டமே செல்லாமற் போகலாம்.

கடிதத்தில் குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். "கணக்கறிக்கை சமர்ப்பித்தல், நிர்வாக சபைத் தெரிவு" என்ற இரண்டு விடயம் போதும். களவு என்ற சொல் விழுந்த கூட்டத்தில் எல்லாரும் வாய்ச்சண்டையில் இறங்கிவிடுவார்கள், கணக்குப் புத்தகம் மேசைக்கு வராது. அது யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் நேரே முழுப்பெயரும் செய்கை பண்ணும் ஏக்கரும் இருக்கட்டும். செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி, கமநல சேவைகள் நிலையத்துப் பெரும்பாக உத்தியோகத்தருக்கு நேரில் ஒரு பிரதி. உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். விதைப்பிலும் வெட்டிலும் ஆட்கள் வரமாட்டார்கள். பெரும்போக நெல் வீடு சேர்ந்து, சிறுபோக ஆரம்பக் கூட்டம் (தண்ணீர் திறக்கும், விதைக்கும் திகதிகளை முடிவு செய்யும் கூட்டம்) வருவதற்குள் வைப்பது நல்லது.

புதியவர்களைத் தெரிவுசெய்தவுடன் எல்லோரும் தேநீர் குடித்துக் கலைவதுதான் வழக்கம். அன்றே, அதே மேசையில் ஒப்படைப்புப் பட்டியல் எழுத வேண்டும்: கூட்டறிக்கைப் புத்தகம், அங்கத்தவர் இடாப்பு, காசுப் புத்தகம், வங்கிப் புத்தகம், எஞ்சிய காசோலைகள், பொருட் பதிவேடு, இறப்பர் முத்திரை. எழுதி முடிந்தவை, எழுதாதவை இரண்டுமாக எல்லாப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களும் அதில் இருக்க வேண்டும். பழையவரும் புதியவரும் ஒப்பமிட்ட பின்பே கூட்டம் முடியட்டும். வங்கியில் கையொப்பக்காரரை மாற்றத் தெரிவுக் கூட்டத்தின் அறிக்கைப் பிரதி கேட்பார்கள். அதைத் தாமதித்தால் தலைவர் புதியவராக இருப்பார், காசோலையில் ஒப்பமிடுபவர் பழையவராகவே இருப்பார்.

கேள்வி: பொருளாளர் கூட்டத்தில் கணக்கை வாயால் சொல்லி முடித்துவிடுகிறார். சாதாரண விவசாயி அதை எப்படிச் சரிபார்ப்பது? வாய்க்கால் திருத்த வந்த காசு பற்றியும் சந்தேகம் இருக்கிறது. – திருக்கோவில் வாசகர்

பதில்: பொருளாளரின் ஞாபகசக்தியைப் பாராட்டலாம், கணக்காக எடுக்க முடியாது. வரவைச் சரிபார்ப்பது கடினமல்ல. கண்டம் 180 ஏக்கர், ஏக்கருக்கு 500 ரூபா அறவிடுவதாகத் தீர்மானம் என்று வையுங்கள். மொத்தம் 90,000 ரூபா வர வேண்டும். பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளின் கூட்டுத்தொகையோடு நிலுவைக்காரர் பட்டியலைச் சேர்த்தால் அதே தொகை வர வேண்டும். வராவிட்டால் அடிக்கட்டைகளின் தொடரிலக்கத்தைப் பாருங்கள். இலக்கம் இடையில் விட்டுப்போயிருந்தாலோ, ஒரே காலத்தில் இரண்டு புத்தகம் எழுதப்பட்டிருந்தாலோ விளக்கம் கேளுங்கள். அடுத்ததாக, சேர்ந்த காசு வங்கிக்குப் போன திகதி. வரவையும் செலவையும் கையிலேயே வைத்து நடத்தியிருந்தால், நேர்மையான பொருளாளராலும் பிறகு கணக்கை நிறுவ முடியாது.

வாய்க்கால் வேலை வேறு. சிறு திருத்த வேலைகளை அமைப்புக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பதுண்டு. அமைப்பின் பெயரில் எடுத்து, பிறகு தெரிந்த ஒருவரிடம் கைமாற்றிவிடுவதில்தான் காசு கரைகிறது. மதிப்பீட்டுப் பிரதியை வேலை தொடங்குமுன் கேளுங்கள். 1,200 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி மண் எடுப்பதென்றால் 3,600 கன அடி, அதாவது 36 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). வேலை நடக்கும்போதே இரண்டு பேர் நாடாவோடு போய் ஐந்தாறு இடத்தில் ஆழம் அளந்து எழுதி வையுங்கள். தண்ணீர் விட்ட பிறகு எந்த வாய்க்காலும் ஆழமாகத்தான் தெரியும்.

பிரதி தர மறுத்தால், வேலையைக் கொடுத்த அரச அலுவலகத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். "எல்லா விபரமும் தருக" என்று கேட்காமல், வேலையின் பெயர், ஆண்டு, மதிப்பீடு, கொடுப்பனவுச் சிட்டை என்று பிரித்துக் கேளுங்கள்.

கேள்வி: நிர்வாக சபைக்கு எப்படிப்பட்டவரைத் தெரிவது? – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகளை அமைப்பாக்கியபோது மேலிருந்து தொடங்கவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் சிறு குழுக்கள் முதலில் கூடின. தங்கள் பிரதிநிதியை வாக்குப் பெட்டி இல்லாமல் ஒருமித்துத் தெரிவுசெய்தன. அவருக்குச் சம்பளமும் இல்லை. தினமும் அதே வாய்க்காலில் மண்வெட்டியோடு சந்திக்கும் அயலவருக்குப் பொய்க்கணக்குச் சொல்வது சிரமம். ஆகவே வாய்க்காலுக்கு ஒருவர் என்று எடுங்கள். தலைவாய்க்கால்காரர் மட்டும் நிறைந்த சபை, தண்ணீர் கடைசியாகச் சேரும் கடைமடைக்காரரின் முறைப்பாட்டைக் காதில் வாங்காது.

கேள்வி: ஆரம்பக் கூட்டத்தில் முடிவான தண்ணீர் திறக்கும் திகதியை எங்கள் நிர்வாக சபை மாற்றலாமா? – ஆயித்தியமலை வாசகர்

பதில்: முடியாது. அது நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எல்லா விவசாயிகளையும் கட்டுப்படுத்தும் முடிவு. விதைப்பு முடியும் நாளும், மாடு அகற்றும் நாளும் அப்படியே. மாற்றம் தேவையென்றால் மீண்டும் கூட்டம் கூட்டும்படி அரசாங்க அதிபரிடம் அல்லது பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.