38 வயதுவரை உங்கள் மகளால் காத்திருக்க முடியாது

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் மேல்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அம்மா, அப்பா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே அம்மாவின் தம்பி. மார்க் ஷீட் இருந்த பிளாஸ்டிக் ஃபைல் தாய்மாமன் கையில். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

பேசியதெல்லாம் அவர்தான். தெரிந்தவர் மூலமாக ஒரு காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறாராம். இந்த வாரமே அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம். மீதிக்கு மனையை வைத்து லோன் வாங்கிக்கொள்ளலாமாம். பெண் ஆர்க்கிடெக்சர் கேட்கிறாள் என்று அம்மா மெல்ல வாயெடுத்தார். "வீட்டுக்கு பிளான் போடுறதுதானே? அதுக்கு சிவில் படிச்சாலே போதும்க்கா. முதல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கட்டும், அப்புறம் பிடிச்சதைப் படிச்சுக்கட்டும்."

அம்மா, அன்று தம்பி எதிரில் உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது என் தப்பு. பார்க்க ஒன்றுமில்லை. அந்த அட்வான்ஸைக் கட்டாதீர்கள்.

உங்கள் மகளின் பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்டதும் தயங்கித்தான் காட்டினாள். பாட்டி வீட்டின் தரைப்படம். நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், முற்றத்தின் மூலையில் ஒரு முருங்கை. ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் எங்கே விழும், எந்தப் பக்கம் ஓடும் என்று சின்னச் சின்ன அம்புக்குறிகள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் மட்டும் புள்ளி வைத்திருந்தாள். என்ன அது என்றேன். "இங்க உட்கார்ந்தா சாரல் கால்ல படும், மடியில இருக்கிற புக் நனையாது." இருபது வருடமாக இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு பதிலை அதிகம் கேட்டதில்லை.

உங்கள் தம்பி சொன்ன "முதல்ல இது, அப்புறம் அது" வழியில் நிஜமாகவே போன ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். ஜெஃப்ரி பாவா. 1919-இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா பெரிய வக்கீல். பிள்ளை கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார், லண்டனில் சட்டம் முடித்து 1944-இல் பாரிஸ்டர் ஆனார். ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் வக்கீல் வேலை பார்த்தார், ஒட்டவில்லை. அம்மா இறந்தபின் ஊர் ஊராகச் சுற்றினார். 1948-இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்கா. அதை மனதில் இருந்தபடி மாற்ற நினைத்தபோதுதான், ஆசை இருக்கிறது, தொழில் தெரியவில்லை என்று அவருக்கு உறைத்தது. 1951-இல் கொழும்பில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு லண்டன் போய் முறையாகப் படித்து 1957-இல் ஆர்க்கிடெக்ட் ஆனார். அப்போது வயது 38.

அதற்குப் பிறகு அவர் கட்டியவை ஆசியா முழுக்கப் பாடமாகிவிட்டன. நகரத்துச் சின்ன மனையில் நடுமுற்றம் வைத்து பாடிக் ஓவியக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, பெந்தோட்டையில் கடற்கரை ஹோட்டல், கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டேயில் நீருக்கு நடுவே செப்புக் கூரையோடு நிற்கும் நாடாளுமன்றம், தம்புள்ளைக்குப் பக்கத்தில் பாறையைக் கட்டிப்பிடித்தபடி கொடி மூடிக் கிடக்கும் கண்டலம ஹோட்டல். நாடாளுமன்றம் 1982-இல் திறந்தது, கண்டலம 1994-இல். 2001-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதுக் குழு அவருடைய வாழ்நாள் பணிக்காகத் தலைவர் விருதைத் தந்தது. 2003-இல் மறைந்தார். ஏனா டி சில்வாவின் வீட்டை இடிக்க மனமில்லாமல், பின்னாளில் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போட்டு லுனுகங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். அவர் அலுவலகத்து வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். சுவருக்குக் கொடுத்த அதே கவனத்தோடு மரங்களை இலை இலையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் மகளின் முருங்கை எனக்கு அதைத்தான் நினைவுபடுத்தியது.

"பார்த்தீங்களா, லேட்டா வந்தும் ஜெயிச்சிருக்காரே" என்று உங்கள் தம்பி சொல்வார். சொல்லட்டும். பாவா சொத்துள்ள வீட்டுப் பிள்ளை. மாணவராக இருந்தபோதே பழைய ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருந்தவர். தனக்கு எது வரும் என்று தெரிந்துகொள்ள அவர் பத்துப் பதினைந்து வருடத்தைச் செலவழித்தார், அந்தச் செலவை அவர் குடும்பம் தாங்கியது. உங்களுக்கு இருப்பது ஒரு மனை. நாலு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, லோன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது, 22 வயதில் இன்னொரு ஐந்து வருடப் படிப்புக்கு யார் பணம் கட்டுவது? அந்த "அப்புறம்" வராது.

சிவில் போதும் என்பதும் சரியில்லை. பாவாவின் பெரிய கட்டடங்களுக்குப் பின்னால் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர் இருந்தார், நிறுவனத்தில் அவருடைய பங்குதாரர். கட்டடம் நிற்கப் பொறியாளர் வேண்டும், அதில் மனிதர் எப்படி நடப்பார், வெளிச்சம் எப்படி விழும் என்பதற்கு ஆர்க்கிடெக்ட் வேண்டும். தவிர, 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாத ஒருவர் நம் நாட்டில் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட முடியாது. சிவில் டிகிரியை வைத்து அந்தப் பதிவு கிடைக்காது.

இனி வழி. ஆர்க்கிடெக்சர் பட்டப்படிப்பான பி.ஆர்க் ஐந்து வருடம், பத்து செமஸ்டர். பிளஸ் டூவில் மேத்ஸ், பிசிக்ஸ் வேண்டும், உங்கள் மகளிடம் இரண்டும் இருக்கின்றன. அதற்கான நுழைவுத் தேர்வு நாட்டா, 200 மதிப்பெண், இப்போதைய முறையில் அதில் 80 கையால் வரைவதற்கே. தமிழ்நாட்டு கவுன்சிலிங்கில் பிளஸ் டூ மார்க்கையும் நாட்டா மார்க்கையும் சரிபாதியாகச் சேர்த்து ரேங்க் போடுகிறார்கள். அதனால் பப்ளிக் தேர்வில் கொஞ்சம் குறைந்தாலும் கை நன்றாக ஓடுகிற பிள்ளை மேலே வந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி சென்னையில். உங்கள் ஊரிலேயே தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க் இருக்கிறது, விடுதிச் செலவு மிச்சம். திருச்சி என்.ஐ.டி.க்கு நாட்டா செல்லாது, ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுதியிருக்க வேண்டும்.

செலவை மறைக்க மாட்டேன். ஷீட், மாடல் செய்ய அட்டை, பால்சா கட்டை, கட்டடங்களைப் பார்க்கப் போகும் டூர், ஓரளவு நல்ல லேப்டாப் என்று ஃபீஸுக்கு வெளியே பணம் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபெவிகால் வாசனை வரும். படித்து முடித்ததும் சின்ன அலுவலகத்தில் சேர்ந்தால் முதல் சில வருடம் சம்பளம், அவள் வயதில் உங்கள் தம்பி வாங்கியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இது தெரிந்தே போகட்டும். ஆனால் பி.ஆர்க்குக்கும் மேனேஜ்மென்ட் சீட் கேட்டு டொனேஷனோடு நிற்காதீர்கள். கவுன்சிலிங்கில் கிடைப்பதை எடுங்கள். எந்தக் காலேஜானாலும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜென்ட் காட்டுகிற பேப்பரை நம்ப வேண்டாம். கவுன்சிலிங்கில் எதுவும் அமையாவிட்டால் ஒரு வருடம் நிறுத்தி மறுபடி நாட்டா எழுதச் சொல்வேன். அந்த வருடத்தில் ஏதாவது ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் போய் உட்காரட்டும். மனை அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. கிளம்பும்போது மாமா லிஃப்ட்டுக்குப் போன பிறகு உங்கள் கணவர் திரும்பி வந்து, "நாட்டா ஃபீஸ் நான்தான் சார் கட்டினேன், வீட்ல சொல்லல" என்றார். 80-க்கு 61 வாங்கியிருக்கிறாளாம் வரைவதில். ரகசியத்தை உடைத்துவிட்டேன், அவர் கோபித்துக்கொள்ளட்டும்.

பாவாவைப் பார்க்க நீங்கள் இலங்கை போக வேண்டாம். 1970-களில் நூல் நிறுவனமான மதுரா கோட்ஸுக்காக அவர் வடிவமைத்த மதுரை கிளப் கட்டடம் உங்கள் கோச்சடையிலேயே, இப்போது ஹெரிடேஜ் மதுரை ஹோட்டலாக இருக்கும் வளாகத்தில் நிற்கிறது. இந்த சனிக்கிழமை மூன்று பேரும் போய் ஒரு காபி குடியுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். வராந்தா எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அந்த பிசிக்ஸ் நோட்டையும் எடுத்துப்போங்கள். உங்கள் தம்பியைக் கூப்பிட வேண்டாம்.