கல்லணை பற்றி 7 நிமிடம் பேச: எதை நம்புவது, எப்படித் தயாராவது?

கேள்வி: என் மகள் 11ஆம் வகுப்பு. பள்ளியில் ‘கல்லணை’ என்ற தலைப்பில் 7 நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் ஆசிரியர்கள் கேள்வி கேட்பார்களாம். இணையத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. எதை நம்பி எழுதுவது? மனப்பாடம் செய்தால் மேடையில் மறந்துவிடுகிறது. இன்னும் 10 நாள் இருக்கிறது. – ஒரு வாசகி, பாபநாசம்.

பதில்: முதலில் தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள். வரலாறு, கட்டுமானம், பாசனம், சுற்றுலா என எல்லாவற்றையும் தொட்டால் 7 நிமிடத்தில் எதுவும் கேட்பவர் மனதில் தங்காது. “கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்று நமக்கு எப்படித் தெரியும்?” என்ற ஒரே கேள்வி போதும். விடை தெரியும் என்று எல்லோரும் நினைத்திருக்கும் கேள்வி இது. அதனாலேயே ஆதாரத்தைச் சொல்லத் தொடங்கியதும் காது கொடுப்பார்கள்.

இனி ஆதாரம். பத்துப் பக்கங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் அது பத்துச் சான்று ஆகாது. ஐயம் வரும் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடச் சொல்லுங்கள். அதே சொற்கள் அதே எழுத்துப் பிழையோடு வரிசையாக வந்தால், எல்லாம் ஓரிடத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. அத்தனையும் சேர்ந்து ஒன்றுதான். அந்த ஒன்றும் எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எந்த நூலில் தேடலாம் என்று கேட்கலாம். அது தரும் பதிலைச் சான்றாகக் காட்டக் கூடாது. இல்லாத நூலின் பெயரையும் அது தயங்காமல் சொல்லும்.

அடுத்த வேலை, செய்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பது. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் அவன் காட்டை அழித்து நாடாக்கியதும் குளம் தோண்டி வளம் பெருக்கியதும் வருகின்றன, கல்லணை வரவில்லை. கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்த செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. அது ராஜேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. கரிகாலனுக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதியது. அதிலும் பேசப்படுவது கரைதான், அணையல்ல. ஈழத்திலிருந்து சிறைபிடித்த 12,000 பேரைக் கொண்டு கட்டினான் என்பதோ பிற்காலக் கதைகளில் வருவது.

இதனால் கரிகாலன் கட்டவில்லை என்று ஆகிவிடாது. அப்படிப் பேசினால் அதுவும் ஆதாரமில்லாத பேச்சே. உங்கள் மகள் சொல்லக்கூடியது இது: “கல்லணையைக் கரிகாலன் கட்டியதாக மரபு சொல்கிறது. காவிரிக்கு அவன் கரை எடுத்ததாகச் சோழர் செப்பேடு சொல்கிறது.” ‘மரபு சொல்கிறது’, ‘செப்பேடு சொல்கிறது’, ‘நான் பார்த்தேன்’ ஆகிய மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் உரையின் பாதி வேலை முடிந்தது. பட்டினப்பாலை உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கும். செப்பேட்டுக்குத் தஞ்சாவூர் மாவட்ட மைய நூலகத்தில், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள்.

குறிப்பு எடுக்க அஞ்சலட்டை அளவில் அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்கு ஒரே செய்தி. அடியில் நூலின் பெயர், பக்கம், பார்த்த தேதி. இதை அன்றன்றே எழுதாவிட்டால் ஒன்பதாம் நாள் இரவில் “இது எங்கே படித்தோம்?” என்று தேடி உட்கார வேண்டியிருக்கும்.

ஒரு நாள் கல்லணைக்கே அழைத்துப் போங்கள். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்ற கல்லணைக் கால்வாய், இந்த நான்கும் பிரியும் இடத்தில் நின்று அவள் கையாலேயே படம் வரையட்டும். “கரிகாலன் ஆற்றை நான்காகப் பிரித்தான்” என்று பேசுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நான்காவதான புது ஆறு மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் வந்தது. கதவு வைத்த மதகுகளும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தவை. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே சரிந்து ஓட, காவிரியில் மணல் மேடிட்டது. அதைச் சரிசெய்யவே 1836இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன், கல்லணைக்கு மேலே உள்ள முக்கொம்பில் மேலணை கட்டும் வேலையைத் தொடங்கினார்.

ஊர்ப் பெரியவர்களையும் கேட்கலாம். கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாளில் வந்தது, முறைப்பாசனம் எப்படி நடந்தது என்பதற்கு அவர்கள் நேர்ச்சாட்சி. கரிகாலன் காலத்துக்கு அவர்களும் கேட்டதைத்தான் சொல்ல முடியும்.

எண்களில் வரும் பிழை ஒன்று. டி.எம்.சி. என்பது கொள்ளளவு: 100 கோடி கன அடி. ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்பது ஓட்டம். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஏறக்குறைய 1 டி.எம்.சி. மேட்டூர் 120 அடியில் 93.47 டி.எம்.சி. கொள்ளும். “மேட்டூரில் இருந்து தினம் 10,000 டி.எம்.சி.” என்று வாய் தவறினால் டெல்டாவில் முன்வரிசையே சிரித்துவிடும். உரை முழுவதிலும் எண் நான்கைத் தாண்ட வேண்டாம். காது அதற்கு மேல் தாங்காது.

ஆறாம் நாள் எழுத உட்காரலாம். ஏதாவது ஒரு பத்தியை நிதானமாக ஒரு நிமிடம் வாசிக்கவைத்துச் சொற்களை எண்ணுங்கள். 90 சொல் வந்தால் 7 நிமிடத்துக்கு 630. அதில் 560 மட்டும் எழுதட்டும். மிச்சம் மூச்சுக்கும் நிறுத்தத்துக்கும். மேடையில் பதற்றத்தால் வேகம் கூடி ஆறு நிமிடத்தில் முடிந்தாலும் தவறில்லை, அதை நிரப்பச் செய்தி சேர்க்க வேண்டாம்.

மனப்பாடம் மறப்பதற்குக் காரணம், ஒரு சொல்லை அடுத்த சொல்லோடு கட்டிவைப்பதுதான். ஒன்று அறுந்தால் மொத்தமும் போகும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுப்பகுதிக்கு ஐந்து அட்டை, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சொல், மூலையில் வரிசை எண். நான்காவது அட்டையில் ஒரு செய்தியைச் சுற்றி வட்டம் போட்டு வைக்கட்டும். நேரம் போதாவிட்டால் விடவேண்டியது அது. நின்றுகொண்டு, சத்தமாக, கைப்பேசியில் பதிவு செய்து, நாளுக்கு இரண்டு முறை போதும். பதிவைக் கேட்கும்போது ‘வந்து’, ‘அதாவது’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே அவை குறையும்.

படம் காட்டுவதானால் அவள் வரைந்த நான்கு ஆற்றுப் படம் ஒன்றே போதும். எழுத்து 4 செ.மீ. உயரம் இருந்தால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

கேள்வி நேரத்துக்கு, அவள் உரையிலேயே சந்தேகம் வரக்கூடிய மூன்று இடங்களை நீங்கள் குறித்துக் கேட்டுப் பழக்குங்கள். “அப்படியானால் கரிகாலன் கட்டவில்லையா?” கட்டாயம் வரும். மேலே சொன்ன இரண்டு வாக்கியம்தான் அதற்குப் பதில். விடை தெரியாத கேள்வி வந்தால், “அதை நான் சரிபார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா” என்று சொல்லி, மறுநாள் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லட்டும்.