கோட்டாவை மட்டும் நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. வாலிபாலில் மாநில அணிக்கு ஆடியிருக்கிறான். பி.காம். கடைசி வருடம், ஐந்து அரியர். “ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைச்சிடும், படிப்பு எதுக்கு?” என்கிறான். நம்பலாமா?
– வாசகி, அயனாவரம்

பதில்: கோட்டா உண்மைதான் அம்மா. ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வே இரண்டும் இப்படி ஆள் எடுக்கின்றன. ஆனால் வயது 18 முதல் 25 வரைதான். எந்தப் பிரிவினருக்கும் தளர்வு இல்லை. நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் ஆடிய போட்டிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 19 வயதில் வாங்கிய பதக்கம் 24 வயதில் உதவாது. நடுவில் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசன் உட்கார்ந்தால் போதும், வாய்ப்பு அப்படியே கைநழுவிப்போகும்.

மைதானத்தில் ஆடிக் காட்டும் திறன் தேர்வில் 40-க்கு 25 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். படிப்புக்கும் 10 மதிப்பெண் உண்டு. பட்டம் இல்லாதவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் 4, 5-ஆம் ஊதிய நிலைப் பணிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஐந்து அரியரையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். போட்டி குறைவாக இருக்கும் செமஸ்டரில் மூன்று, அடுத்ததில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளட்டும். கேம்ப்புக்குப் போகும் முன்பே கல்லூரியில் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொடுத்துவிட வேண்டும்; திரும்பி வந்து கேட்டால் வருகைப்பதிவில் சிக்கல் வரும்.

பலர் கோட்டை விடுவது சான்றிதழில்தான். கோப்பையோடு தரும் பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசு வேலைகளுக்கென்று தனிச் சான்றிதழ்ப் படிவங்கள் உண்டு. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியதற்குப் படிவம் 2. அதில் மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3. பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்து. போட்டி முடிந்த மாதமே வாங்கிவிடுங்கள். செயலாளர் மாறுவார், சங்கம் இரண்டாக உடையும். அங்கீகாரம் இல்லாத பிரிவின் கையெழுத்து செல்லாது. பெயரையும் பாருங்கள். சான்றிதழில் ‘எஸ்.’ என்று இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க வேண்டி வந்தால் முடியாது.

கேள்வி: 31 வயது. ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பட்டம் இருக்கிறது. பயிற்சியாளர் ஆக என்ன படிக்கலாம்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலை என்றால் இரண்டு ஆண்டு பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பட்டம்) படியுங்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920 முதல் நடக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பயிற்சியாளர் என்றால் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோதான் கனமான தகுதி. அதே நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு, தனியார் அகாடமியில் தொடங்கப் போதும். ஓய்வு பெற்ற வீரர்களுக்காக மத்திய விளையாட்டு அமைச்சகம் 2024-இல் தொடங்கிய ‘ரீசெட்’ பயிற்சிக்கும் விண்ணப்பியுங்கள். வயது 20 முதல் 50 வரை. பிளஸ் டூ முடிக்காதவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு, உங்கள் பழைய அணித் தோழிகளிடம் சொல்லுங்கள்.

படிக்கும்போதே ஏதாவது ஒரு மைதானத்தில் உதவிப் பயிற்சியாளராக நில்லுங்கள். நன்றாக ஓடியவர்கள் செய்யும் தவறு, தங்கள் சொந்தப் பயிற்சியையே பத்து வயதுக் குழந்தைக்கும் கொடுப்பது. அந்த வயதில் ஸ்டார்ட்டிங் பிளாக் (ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் கட்டை) வேண்டாம், எடைப்பயிற்சியும் வேண்டாம். பத்து நிமிடம் வார்ம்-அப், பிறகு 20 மீட்டர் ஆறு தடவை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நடந்தே திரும்பி வரட்டும், அதுதான் ஓய்வு. மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினால் வேகம் பழகாது, களைப்பில் கால் வைக்கும் விதமும் கெடும்.