டைனமிக் கேம் தியரி என்றால் என்ன? பொருளாதாரத்தில் அதனால் என்ன பயன்?

"கைதிகள் கதை வரைக்கும் புரிகிறது, டைனமிக் என்று வந்ததும் சமன்பாடுகளில் தொலைந்துபோகிறேன், ஊர்ப் பாஷையில் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தபோது எனக்கும் சரியாக அந்த இடத்தில்தான் வண்டி நின்றது. அதைத் தள்ளிவிட்டது கே.வி.குப்பம் பக்கம் எங்கள் நிலத்தில் இருக்கும் போர்வெல்தான்.

ஒருவர் முடிவு இன்னொருவர் லாபத்தையும் மாற்றும் இடங்களை ஆட்டமாக வைத்துக் கணக்குப் போடுவதுதான் கேம் தியரி. கைதிகள் கதையில், கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதா வாயை மூடிக்கொள்வதா என்று இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை முடிவெடுக்கிறார்கள், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது, ஆட்டம் அத்துடன் சரி. டைனமிக் ஆட்டத்தில் நாளைக்கும் அதே ஆள் முகத்தில் விழிக்க வேண்டும். நேற்று அவர் செய்தது எனக்குத் தெரியும். இன்று நான் செய்வதைப் பார்த்து நாளை அவர் ஏதோ செய்வார் என்பதும் தெரியும். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இது போதும் எல்லாவற்றையும் புரட்டிப் போட.

எங்கள் நிலமும் சித்தப்பா நிலமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தாத்தா காலத்தில் ஒரே கிணறு, கவலை (மாடு கட்டி இழுக்கும் ஏற்றம்) ஓட்டி இறைத்தார்கள். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும், அதனால் யாரும் யாரையும் பெரிதாக ஏமாற்ற வழியில்லை. பாகம் பிரித்து, கிணறு வற்றி, ஆளுக்கொரு போர் போட்ட பிறகுதான் விவகாரம் ஆரம்பித்தது. மேலே வரப்பு இருக்கிறது, கீழே தண்ணீருக்கு வரப்பு கிடையாது. விவசாயத்துக்குக் கரண்டும் இலவசம், மோட்டாரை அணைப்பதால் பில் ஒன்றும் குறையப்போவதில்லை. ஒரு நாள் நாங்கள், மறுநாள் அவர்கள் என்று வாய்ப்பேச்சில் முறை வைத்துக்கொண்டோம்.

முறையைக் கெடுக்கும் கருவி ஆட்டோ ஸ்டார்ட்டர். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். விடிகாலையில் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு சித்தப்பா வரப்பில் நிற்பார். ஈரமான வாய்க்காலைக் காலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, ராத்திரி அண்ணன் மோட்டார் ஓட்னாப்ல இருக்குது?" என்பார். அப்பா அணைக்க மறந்துவிட்டதாகச் சொல்வார். மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு வீட்டிலும் யாராவது மறப்பார்கள்.

சரி, இதில் கணக்கு எங்கே? முறைப்படி இறைத்தால் வருஷத்துக்கு ஆளுக்கு 10 ஆயிரம் நிற்கிறது என்று வையுங்கள். நான் மட்டும் முறை மீறினால் இந்த வருஷம் எனக்கு 16. அடுத்த வருஷத்திலிருந்து அவரும் மீறுவார், அப்புறம் என்றைக்கும் ஆளுக்கு 6தான். ஆக, மீறினால் ஒரே தடவை 6 லாபம், பிறகு ஒவ்வொரு வருஷமும் 4 நஷ்டம். அடுத்த வருஷம் வரும் 100 ரூபாய் இன்றைக்கு எனக்குக் குறைந்தது 60 ரூபாய்க்குச் சமம் என்றால் முறை நிற்கும், அதற்குக் கீழே போனால் உடையும். வங்கியில் 12 சதவீதத்தில் கடன் வாங்கியவனுக்கு அந்த 100 சுமார் 89 ரூபாய். அஞ்சு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு அஞ்சு ரூபாய்) வாங்கியவனுக்கு 62 ரூபாய் சில்லறை, நூலில் தொங்குகிறான். பத்து வட்டிக்காரனுக்கு 45. அவன் ராத்திரி மோட்டாரைப் போட்டே தீருவான். குணம் கெட்டுப்போகவில்லை, வட்டி அப்படி. பக்கத்து நிலத்துக்காரர் யாரிடம் கடன் வாங்குகிறார் என்பது என் தண்ணீர்ப் பிரச்சினையும்கூட என்று புரிந்த அன்றைக்குத்தான் இந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது.

இப்படி ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவதற்கு மீள் ஆட்டம் என்று பெயர். பொறுமையுள்ளவர்கள் முடிவில்லாமல் ஆடினால் போலீஸ், கோர்ட் எதுவும் இல்லாமலே ஒத்துழைப்பு நிற்கலாம் என்ற முடிவை ஃபோக் (நாட்டார்) தேற்றம் என்பார்கள். யாரும் எழுதி வைப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் பழமொழி மாதிரி அந்தப் பெயர். இந்த ஆட்டங்களை ஆழமாக ஆராய்ந்த ராபர்ட் ஆமன் 2005இல் நோபல் வாங்கினார். சிமெண்ட் கம்பெனிகள் பேசி வைத்துக்கொண்டதுபோல் விலையைக் குறைக்காமல் இருப்பது ஏன் என்று பார்ப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

நான் மேலே போட்ட கணக்கில் ஒரு பொய் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அதே ஆட்டம் திரும்ப வருவதாக வைத்துக்கொண்டேன். நிஜத்தில் இந்த வருஷம் உறிஞ்சியது அடுத்த வருஷ நீர்மட்டத்தைக் கீழே இறக்குகிறது, ஆட்டக்களமே மாறுகிறது. 1980இல் லெவ்ஹாரி, மிர்மன் என்ற பொருளாதார நிபுணர்கள் இருவரும் இதை மீனை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இரண்டு நாடுகள் ஒரே கடலில் பிடித்தால், தனித்தனியாக முடிவெடுக்கும்போது சேர்ந்து முடிவெடுப்பதைவிட மீன்வளம் குறைவாகத்தான் மிஞ்சும். நான் விட்டுவைத்ததை நீ பிடித்துவிடுவாய் என்ற பயம்தான் காரணம். மீன் என்ற இடத்தில் தண்ணீர் என்று போட்டுப் படித்தால் எங்கள் ஊர்.

அடுத்தது மிரட்டல். "நீங்க அறநூறு அடி போட்டா நான் எட்நூறு போடுவேன்" என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். அப்பா சிரித்தார், சித்தப்பா கையில் அப்போது காசில்லை. ஆட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும், அந்தக் கட்டம் வரும்போது நிஜமாகவே செய்வது அவருக்கு லாபமா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் அந்த மிரட்டலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1965இல் வரையறுத்தவர் ரைன்ஹார்ட் செல்டன். 1994இல் நாஷ், ஹர்சானியுடன் சேர்ந்து நோபல் வாங்கியவர். சித்தப்பா செல்டனைப் படித்தவர் இல்லை. ஆனாலும் மறு வாரமே எங்கிருந்தோ பணம் புரட்டி, போருக்குள் இறக்கும் கேசிங் பைப்பை வாங்கி வந்து எங்கள் வீட்டுக்கு எதிரில் இறக்கினார். அப்பா சிரிக்கவில்லை, ஆழப்படுத்தும் பேச்சையும் எடுக்கவில்லை. பணத்தை முன்கூட்டியே முடக்கினால் மிரட்டல் நிஜமாகிவிடுகிறது. புதுக் கம்பெனி சந்தைக்குள் வராமலிருக்க, பழைய கம்பெனி முன்கூட்டியே பெரிய ஆலையாகக் கட்டி வைப்பதை 1980இல் அவினாஷ் தீட்சித் இப்படித்தான் விளக்கினார்.

பேரத்துக்கும் இதே பின்னோக்குக் கணக்குதான். 1982இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் காட்டியது: மாறி மாறி விலை சொல்லும் பேரத்தில் காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் பெரிய பங்கு. வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுபோனால் வெயில் ஏறுவதற்குள் தள்ளிவிட வேண்டும், அது வியாபாரிக்கும் தெரியும். வெல்லம் காய்ச்சுகிறவர் விலை கட்டவில்லை என்றால் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

அரசாங்கமும் இந்த ஆட்டத்தில் ஒரு ஆள். இன்று சொன்ன கொள்கை நாளைக்கு அதற்கே வசதிப்படாமல் போகும், அது தெரிந்த மக்கள் இன்றே அதை நம்ப மாட்டார்கள். கிட்லண்டும் பிரெஸ்காட்டும் 1977இல் எழுதியது இது (நோபல் 2004). தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 2006, 2016, 2021 என்று மூன்று முறை தள்ளுபடியானது, 2021இல் மட்டும் 12,110 கோடி. மூன்றும் தேர்தல் வருஷம். ஒழுங்காகத் தவணை கட்டிய எங்கள் அப்பாவை டீக்கடையில் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். தள்ளுபடி தப்பு என்று நான் சொல்லவில்லை, மழை பொய்த்த வருஷத்தில் வேறு வழி இருந்ததா தெரியாது. ஆனால் அடுத்த தேர்தல் நெருங்கும்போது யார் கட்டுவார்கள்?

இனி எங்கள் கதையின் பாக்கி. சித்தப்பா நிலத்தை மனை போட விற்க முடிவு செய்து அட்வான்ஸ் வாங்கினார், பத்திரப்பதிவுக்கு இரண்டு வருஷம் தவணை. எங்களிடம் சொல்லவில்லை. கரும்பு போட வேண்டிய இடத்தில் சீக்கிரம் கைக்கு வரும் மல்லாட்டை (வேர்க்கடலை) மட்டும் போட்டபோதே அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. கடைசி வருஷம் முறையை மதித்து அவருக்கு ஆவது ஒன்றுமில்லை, மறு வருஷம் தண்டிக்க ஆட்டமே இருக்காது. கடைசி வருஷம் உடையும் என்பது உறுதியானால் அதற்கு முந்தின வருஷமும் மதிக்கக் காரணமில்லை. இப்படியே பின்னால் வந்து வந்து இன்றைக்கு வந்து நிற்கும். விஷயம் எங்களுக்குத் தெரிந்த வாரமே அவர் டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்க ஆரம்பித்தார். சரியாகச் சொன்னால், எங்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர் அவருடையதற்கு இரண்டு ராத்திரி முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது.

இப்போது அந்த நிலத்தில் 38 மனை. வீடு கட்டிக் குடிவந்தவர்கள் பதினொரு பேர், எல்லோரும் தனித்தனியாக போர் போட்டிருக்கிறார்கள். எங்கள் மோட்டார் நாற்பது நிமிஷம் இழுக்கும், அப்புறம் காற்றுதான் வரும்.